தாங்கும்... ஆனா நிக்குமா?

"நாமக்கல்லா? அப்ப உங்க வீட்ல லாரி இருக்குமே!"

சேலத்துல காலேஜ் சேர்ந்த முதல் நாள்ல ஆரம்பிச்சது இந்தக் கேள்வி. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். லாரி பாடி கட்டுற பட்டறை, கேஸ் டேங்கர், திருச்செங்கோடு போர்வெல் வண்டி, சங்ககிரி லாரி... இப்படி எங்க பக்கம் முழுக்க சக்கரம்தான். அதனால நாமக்கல் பொண்ணுன்னா அப்பா லாரி ஓனர்னு முடிவே பண்ணிடுறாங்க.

எங்க வீட்ல இருக்கறது லாரி இல்லீங்க. குட்டி யானை! அதுவும் செகண்ட் ஹேண்ட். அப்பாதான் ஓனர், அப்பாதான் டிரைவர், அப்பாதான் கிளீனர். லீவு நாள்ல மட்டும் கிளீனர் போஸ்ட் எனக்கு. சம்பளம்? போற வழியில ஒரு பன், ஒரு டீ.

2005 மே மாசம் டாடா கம்பெனி 'ஏஸ்' வண்டியை இறக்கினப்ப, வடநாட்டுக்காரங்க அதுக்கு 'சோட்டா ஹாத்தி'ன்னு பேர் வெச்சாங்க. நம்ம ஊர்ல அது குட்டி யானை ஆயிடுச்சு. 702 சி.சி. டீசல் என்ஜின், ரெண்டே சிலிண்டர். சுமக்கிற அளவு முக்கால் டன். மூணு சக்கர லோடு ஆட்டோவுக்கும் பெரிய டெம்போவுக்கும் நடுவுல ஒரு வண்டி இல்லையேன்னு இருந்தவங்களுக்கு இது வரப்பிரசாதம். சந்து பொந்தெல்லாம் பூந்து வரும். சொந்தமா ஒரு வண்டி வாங்கணும்னு நெனைச்ச டிரைவர்களுக்கு கைக்கு எட்டுற விலை. வீடு காலி பண்ணணுமா, சந்தைக்குக் காய் கொண்டு போகணுமா, செங்கல் ஏத்தணுமா... "ஒரு குட்டி யானை சொல்லுப்பா"ன்னு சொல்றது பழக்கமாயிடுச்சு. இப்ப வேற கம்பெனி வண்டி வந்தாலும் அதுவும் குட்டி யானைதான்.

அந்தக் குட்டி மேல நாம ஏத்துற பாரம் இருக்கே... அதைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை. ஒரு மே மாசம், கொல்லிமலை இறக்கத்துல, எனக்கும் அப்பாவுக்கும் நடந்த கதை.

2024 மே. பி.எஸ்சி. பிசிக்ஸ் ரெண்டாம் வருஷம் முடிச்சு லீவுல இருந்தேன். கொல்லிமலையில பலா சீசன். மேல சோளக்காட்டுல இருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் ஏத்திட்டு வரச்சொல்லி ஒரு மண்டிக்காரர் அப்பாவுக்குப் போன் பண்ணினார். ஒரு நடைக்கு 3,000 ரூபா வாடகை. கூட வர்ற பையனுக்குக் காய்ச்சல். "நான் வர்றேன்ப்பா"ன்னு ஏறி உக்காந்துட்டேன்.

காரவள்ளி அடிவாரத்துல இருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்டிருக்கும். ஏறும்போது வண்டி காலி. நான் ஜன்னல்ல தலையை நீட்டி நம்பர் எண்ணிக்கிட்டே போனேன். ஜாலியா இருந்துச்சு.

மேல போனா, லோடு ஏத்துறாங்க ஏத்துறாங்க... ஏத்திக்கிட்டே இருக்காங்க. அடியில பலா, மேல வாழைத்தார், அதுக்கு மேல மறுபடியும் பலா. பின்சக்கரம் பொதுக்குன்னு அமுங்கிடுச்சு. அப்பா டயரைப் பார்த்தார். மண்டிக்காரரைப் பார்த்தார்.

"ஏனுங்ண்ணா... போதுமுங்களே?"

"அட, இன்னும் பத்துக் காய்தானப்பா. தாங்கும், போடு!"

"தாங்கும்ங்க..."

'தாங்கும்'. எங்க ஊர் வண்டித் தொழில்ல அதிகமா புழங்குற வார்த்தை இதுதான். ஏத்துறவர் சொல்வார், ஓட்டுறவர் சொல்வார், பட்டறையில பட்டை போடுறவரும் சொல்வார். எங்க வண்டியே அதுக்கு சாட்சி. வாங்கின மறு வருஷமே பின்னாடி கமான் பட்டையில ஒரு பட்டை கூடுதலாப் போட்டு, ரெண்டு பக்கமும் ஆங்கிள் அடிச்சு உயர்த்தி, மேல கம்பிக் கூண்டு கட்டியாச்சு. "இனி ஒண்ணரை டன் தாங்கும்ங்க"ன்னு பட்டறைக்காரர் வாயாலயே சர்ட்டிபிகேட் குடுத்துட்டார்.

இறங்க ஆரம்பிச்சோம். அப்பா ரெண்டாவது கியர்ல, பிரேக்கை விட்டு விட்டு மிதிச்சு வந்தார். நல்ல டிரைவர் எங்கப்பா. இருபது வருஷமா ஸ்டியரிங் புடிக்கிறவர். பாதி மலை இறங்கியிருப்போம். ஏதோ கருகுற வாசம். யாரோ ரோட்டோரம் ரப்பர் கொளுத்துறாங்கன்னுதான் நெனைச்சேன். அப்பா பேச்சை நிறுத்திட்டார். அடுத்த வளைவுக்கு முன்னாடி அவர் கால் பெடலை ரெண்டு தடவை, மூணு தடவை வேகமா மிதிச்சுது. மிதிக்க மிதிக்க பெடல் மெத்தை மாதிரி உள்ள போயிட்டே இருந்துச்சு.

"கண்ணு, கதவைத் திறந்து கையில புடிச்சுக்கோ. நான் சொன்னா குதிச்சிரு."

இதை அப்பா கத்திச் சொல்லலை. சாப்பாடு போடச் சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னார். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்துச்சு. முதல் கியருக்குத் தட்டினார். என்ஜின் அலறுச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டியை மலைப்பக்கம் ஒடிச்சு, இடது சக்கரத்தை ஓரக் கால்வாயில இறக்கி, பாறையில உரசி... நின்னுடுச்சு.

"கட்டை போடு சாமி!"

குதிச்சு ஓடி, கிடைச்ச கல்லையெல்லாம் எடுத்து சக்கரத்துக்கு அண்டை குடுத்தேன். சக்கரத்துல இருந்து புகை. அப்பா ஸ்டியரிங்கை விட்டு இறங்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் பார்த்தேன், அவர் கை நடுங்கிட்டு இருந்துச்சு. இருபது வருஷ டிரைவரோட கை.

எதிர்ல ஒரு மினி பஸ் ஏறி வந்துச்சு. டிரைவர் எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை கிலோங்க லோடு?"

அப்பாகிட்ட பதில் இல்லை. என்கிட்டயும் இல்லை. மேல எங்களை ஏத்தி அனுப்பின யார்கிட்டயும் அதுக்கு பதில் இருந்திருக்காது.

அப்பாவோட ஃப்ரெண்டு ஒருத்தர் சேந்தமங்கலத்துல இருந்து காலி வண்டி எடுத்துட்டு வந்தார். அதுவும் குட்டி யானைதான். பாதி லோடை அதுல மாத்தினோம். ரெண்டு வண்டியும் முதல் கியர்ல ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் சேர்ந்துச்சு. வழியில இருந்த ஒரு எடைமேடையில "ஏத்துங்ப்பா, பார்த்தே ஆகணும்"னு அடம்புடிச்சேன். சீட்டு வந்துச்சு.

எங்க வண்டி, பாதி இறக்கினதுக்கு அப்புறமும் 1,720 கிலோ. ஃப்ரெண்டு வண்டிக்கு மாத்தின லோடு 690 கிலோ. கூட்டினா, மலை மேல நாங்க கிளம்பும்போது மொத்த எடை 2,410 கிலோ.

டேஷ்போர்டுல இருந்து ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தேன். லேடன் வெயிட்: 1,550. அதாவது 860 கிலோ அதிகம். பாதி லோடைக் கழட்டின பிறகும் நாங்க சட்டப்படி ஓவர்லோடு!

இங்கதான் நம்மள்ல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு மேட்டர் இருக்கு. ஆர்.சி.யில இருக்கற அந்த எடை, வண்டியில ஏத்துற சரக்கோட எடை இல்லை. வண்டி, டீசல், டிரைவர், கிளீனர், கூண்டு, தார்ப்பாய், ஸ்டெப்னி, சரக்கு... எல்லாம் சேர்த்த மொத்த எடை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 113-ம் பிரிவு இதைத்தான் சொல்லுது: பதிவுல இருக்கற மொத்த எடையைத் தாண்டி எந்த வண்டியையும், எந்த டிரெய்லரையும் ஓட்டக்கூடாது.

மறுநாள் வண்டியைக் காலியா, நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எடை போட்டோம். 1,010 கிலோ! 1,550-ல 1,010 போனா மிச்சம் 540. முக்கால் டன் வண்டின்னு நம்பிட்டு இருந்தோம். கம்பிக் கூண்டும் ஆங்கிளும் கூடுதல் பட்டையும் நாங்களும் சேர்ந்து அதுல 200 கிலோவுக்கு மேல ஏற்கெனவே தின்னுட்டோம். வண்டியை 'பலப்படுத்த' நாம மாட்டுற ஒவ்வொரு இரும்பும் சரக்கோட பங்குலதான் கை வைக்குது.

பட்டை போட்டா தாங்குமேன்னு கேப்பீங்க. பட்டை தாங்கும். ஆனா பிரேக்? அது கம்பெனியில இருந்து வந்த அதே பிரேக். ஆக்ஸில் அதே ஆக்ஸில், டயர் அதே டயர். பட்டை போட்டா வண்டியோட பின்னாடி பாகம் அமுங்காம நிமிர்ந்து நிக்கும், அவ்வளவுதான். அமுங்கினாலாவது பார்க்கறவங்களுக்கு ஓவர்லோடுன்னு தெரியும். நிமிர்ந்து நின்னா அதுவும் தெரியாது! காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை உடைக்கிற கதைதான்.

பிசிக்ஸ் படிக்கிற புள்ளை சும்மா இருக்குமா? காலண்டர் தாளைக் கிழிச்சு கணக்குப் போட்டேன். மலை இறக்கம் ஒரு ஆயிரம் மீட்டர்னு வெச்சுக்கங்க. மேல இருந்து கீழ வர்ற வண்டி, உயரத்துல சேர்த்து வெச்சிருந்த சக்தியையெல்லாம் எங்கயாவது இறக்கி வெச்சாகணும். கொஞ்சம் என்ஜின்ல போகும், கொஞ்சம் காத்துல போகும். மிச்சம் பிரேக்ல சூடா மாறும். 1,550 கிலோ வண்டி இறங்கும்போது வெளிய வர்ற மொத்த சக்தி, சுமாரா 52 லிட்டர் பச்சைத்தண்ணியைக் கொதிக்க வைக்கப் போதும். 2,410 கிலோன்னா 80 லிட்டர்! ஒரு கல்யாண வீட்டு அண்டா. அந்தச் சூட்டை, கையகலத்துக்கு இருக்கற பிரேக் லைனிங் தாங்கணும்னு நாம எதிர்பார்க்கறோம். சூடு ஏற ஏற லைனிங்குக்குப் பிடிமானம் போகும். பிரேக் ஆயில்ல ஈரம் இருந்தா அது கொதிச்சு ஆவியாகும். ஆவியை அமுக்கினா அமுங்கும். அதனாலதான் பெடல் மெத்தை மாதிரி உள்ள போகுது. தொப்பூர் கணவாய்ல இறங்குற லாரிகளுக்கு 'பிரேக் பிடிக்கலை'ன்னு பேப்பர்ல அடிக்கடி படிக்கிறோமே, அதுல பலதுக்கும் பின்னாடி இந்தச் சூடு இருக்கும்.

அதாவது, 'தாங்குமா?'ங்கறது தப்பான கேள்வி. நிக்கும்போது எதுவும் தாங்கும். 'நிக்குமா?'ங்கறதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் தேடிப் படிச்சேன். 2019 செப்டம்பர் 1-க்கு முன்னாடி ஓவர்லோடுக்கு அபராதம் 2,000 ரூபா, அதுக்கு மேல டன்னுக்கு ஆயிரம். 2019 திருத்தச் சட்டத்துல அது 20,000 ரூபா, கூடவே டன்னுக்கு 2,000-ன்னு ஆச்சு. பத்து மடங்கு! அது மட்டுமில்லை. அதிகப்படியான சரக்கை இறக்கினாத்தான் வண்டியே நகரலாம். எடை போட வரமாட்டேன்னு டிரைவர் முறுக்கிக்கிட்டா, அதுக்குத் தனியா 40,000. 'ஓட்டுறவர்' மட்டுமில்லை, 'ஓட்ட வைக்கிறவர், ஓட்ட அனுமதிக்கிறவர்' எல்லாரும் சட்டத்துல இருக்காங்க. ஆனா ரோட்டுல நிறுத்தும்போது அங்க நிக்கறது டிரைவர் மட்டும்தானே?

ஒரு காலத்துல சில மாநிலங்கள்ல முன்கூட்டியே பணம் கட்டிட்டு ஓவர்லோடு ஓட்டலாம்னு அனுமதி அட்டையே குடுத்துட்டு இருந்தாங்க. 2005 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் அதை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. காசு கட்டினா தப்பு சரியாயிடாதுன்னு அர்த்தம். 2018 ஜூலையில மத்திய அரசு பெரிய லாரிகளோட ஆக்ஸில் அளவைக் கூட்டுச்சு. நாலு டயர் இருக்கற ஒரு ஆக்ஸிலுக்கு 10.2 டன்னா இருந்தது 11.5 டன் ஆச்சு. ஆனா அதனால எங்க குட்டி யானைக்கு ஒரு கிலோகூடக் கூடலை. அதோட கணக்கு ஆர்.சி.யில எழுதினதுதான்.

அமெரிக்காவுல இல்லினாய் மாநிலத்துல 1958-ல இருந்து 1960 வரைக்கும் லாரிகளை ஓட்டி ஓட்டி ஒரு பெரிய ரோடு சோதனை நடத்தினாங்க. ஆக்ஸில் பாரம் ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு ஆகற சேதம் சுமார் 16 மடங்குன்னு அதுல தெரிஞ்சுது. லாரி ஓவர்லோடு ரோட்டைத் தின்னும். குட்டி யானை ரோட்டை என்ன பண்ணிடப் போகுது? அது தன்னைத்தானே தின்னும். உள்ள உக்காந்திருக்கறவங்களையும்.

இதையெல்லாம் காலண்டர் தாள்ல எழுதி அப்பா முன்னாடி வெச்சேன். படிச்சார். மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

"கணக்கு சரிதான் கண்ணு. ஆனா இதை மண்டிக்காரர் ஒத்துக்கணுமே?"

அப்புறம் அவர் ஒரு கணக்கு சொன்னார். அன்னைக்கு ஏத்தினது 1,400 கிலோ. 3,000 ரூபா வாடகைன்னா கிலோவுக்கு ரெண்டு ரூபா சொச்சம். 540 கிலோதான் ஏத்துவேன்னு சொன்னா அதே வாடகைக்கு கிலோவுக்கு அஞ்சரை ரூபா. "அஞ்சரை ரூபா குடுத்து எவன் பலாப்பழம் இறக்குவான்? நான் முடியாதுன்னா எனக்குப் பின்னாடி நிக்கறவன் வண்டியை ரிவர்ஸ் எடுத்து விட்ருவான். அவனுக்கும் புள்ளைங்க இருக்குதல்லோ?"

என்னால பதில் பேச முடியலை. அதுவரைக்கும் ஓவர்லோடுன்னா பேராசைன்னு நெனைச்சுட்டு இருந்தேன். எங்கப்பா பேராசைக்காரர் இல்லை. அவர் அதிகமா ஏத்தினது எனக்கு ஃபீஸ் கட்ட. அந்த எடையில என்னோட செமஸ்டரும் இருந்துச்சு. அந்த வளைவுல வண்டி நிக்காம போயிருந்தா, ஃபீஸ் கட்டுறதுக்கு ஆளும் இருந்திருக்காது, படிக்கறதுக்கு ஆளும் இருந்திருக்காது.

அன்னைக்கு ராத்திரி அப்பாவோட டைரியை எடுத்தேன். டீசல், வாடகை, ரிப்பேர் எல்லாம் எழுதி வெச்சிருப்பார். முந்தின ஒரு வருஷத்துல கமான் பட்டை ரெண்டு தடவை, நாலு டயர், கிளட்ச் பிளேட், வீல் பேரிங்... கூட்டினா 41,000 ரூபா. அந்த வருஷம் மலைக்கு ஓடினது 60 நடை. ஒரு நடைக்கு ரிப்பேர் மட்டும் 680 ரூபா! வாடகை 3,000-ல டீசல் 900, ஏத்துகூலி டீ செலவு 200, ரிப்பேர் 680 போனா கையில நிக்கறது 1,220. அப்பா மனசுல இருந்த கணக்கு 1,900. அந்த 680 ரூபா தனியா வேற ஒரு நாள் பட்டறையில போறதால, அது மலை நடையோட செலவுன்னு அவருக்குத் தோணினதே இல்லை.

"அப்பா, 1,220 ரூபாய்க்கு நாம ரெண்டு பேரும் உசுரை வெச்சு விளையாடியிருக்கோம்ங்ப்பா."

அவர் ஒண்ணும் சொல்லலை. ஆனா அடுத்த வாரம் மண்டிக்காரர் போன் பண்ணினப்ப, "எட்டு நூறு கிலோவுக்கு மேல வேண்டாங்ண்ணா, மலை இறக்கம்"னு சொன்னார். எட்டு நூறே ஓவர்லோடுதான்! அதுக்கே அந்தப் பக்கம் போன் கட் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அந்த நம்பர்ல இருந்து போன் வரவே இல்லை.

அடுத்த மூணு வாரம் வண்டி வாசல்ல நின்னுச்சு. சில்லறை லோடு ரெண்டு, மூணு. ஜூன் மாசம் என் ஃபீஸுக்கு அம்மாவோட தோடு பேங்குக்குப் போச்சு. அம்மா என்னைத் திட்டலை. ஆனா காதுல வெறும் குச்சியை மாட்டிட்டு அவங்க சோறு போட்டப்ப, நான் தலையைக் குனிஞ்சுட்டுத்தான் சாப்பிட்டேன். எழுதினவளுக்குக் கணக்கு ஈஸி. அதுக்கு வட்டி கட்டினது அம்மா.

வழி பொறந்தது எங்க ஊர் முட்டையில!

ஒரு கோழிப்பண்ணைக்காரர் சேலத்துக் கடைகளுக்கு முட்டை போட வண்டி தேடிட்டு இருந்தார். ஒரு அட்டையில 30 முட்டை. அட்டையோட சேர்த்து சுமாரா 1.7 கிலோ. 300 அட்டைன்னா 9,000 முட்டை, 510 கிலோ. எங்க 540-க்குள்ள கச்சிதமா அடங்குது! வாடகை 1,800. சமவெளி ரோடு, டீசல் 600 தாண்டாது. கையில 1,200. மலை நடையில நின்ன அதே காசு! அதுவும் ரிப்பேர் பயமில்லாம.

முட்டையில எனக்குப் புடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லட்டுமா? "இன்னும் பத்து அட்டை போடு, தாங்கும்"னு முட்டை லோடுல யாருமே சொல்றதில்லை. ஏன்னா அடி அட்டை உடனே உடைஞ்சு ஒழுகி, கணக்கை அங்கயே முடிச்சுக் காட்டிடும். பலாப்பழம் ஏத்தும்போதும் ஏதோ ஒண்ணு உள்ளுக்குள்ள உடையத்தான் செய்யுது. ஆக்ஸில்ல மெல்லிசா விரிசல், டயர்ல உள் நூல், பிரேக் லைனிங். சத்தம் கேக்காததால நாம 'தாங்கும்'னு சொல்லிக்கறோம்.

அப்பா திருந்திட்டார், எல்லாம் சுபம்னு முடிச்சா நீங்க நம்பமாட்டீங்க. நானும் பொய் சொல்லமாட்டேன். இப்பவும் பக்கத்து ஊருக்குத் தீவன மூட்டை ஏத்தும்போது, ரெண்டு மூட்டை அதிகமாத்தான் போகுது. நான் முறைச்சா, "சமவெளிதானே கண்ணு"ங்கறார். சண்டை போடுறேன். ஆனா மலைக்கு மட்டும் அளவுக்கு மேல ஏத்தறதில்லை. கம்பிக் கூண்டையும் கழட்டியாச்சு. எடை போட்ட சீட்டெல்லாம் டிரைவர் சீட்டுக்கு மேல ரப்பர் பேண்டு போட்டு இருக்கு.

கடைசியா நம்ம செட்டுக்கு ரெண்டு விஷயம்.

ஒண்ணு, 2024 நவம்பர் 6-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டோட அஞ்சு நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. எல்.எம்.வி. லைசென்ஸ் வெச்சிருக்கறவங்க 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம், அதுக்குத் தனி அனுமதி வேண்டியதில்லைன்னு. அதாவது கார் ஓட்டக் கத்துக்கிட்ட நம்ம கையிலயும் நாளைக்கு ஒரு குட்டி யானை சாவி வரலாம். வந்தா, சாவியைத் திருகறதுக்கு முன்னாடி ஆர்.சி.யில ஒரு நம்பரைப் பாருங்க. பக்கத்துல எடைமேடை இருந்தா காலி வண்டியை ஒரு தடவை ஏத்துங்க. அம்பது ரூபா செலவுல உங்க உண்மையான லோடு எவ்வளவுன்னு தெரிஞ்சுடும்.

ரெண்டு, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குட்டி யானை பின்னாடி நின்னுட்டுப் போறோமே... சரக்கு வண்டியில ஆள் ஏத்தறதே சட்டப்படி தப்பு. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒருத்தர் 60 கிலோன்னு வெச்சாலும் இருபது பேர் ஏறினா 1,200 கிலோ. எங்க பலாப்பழ லோடுக்கு 200 கிலோதான் கம்மி. பலாப்பழமாவது ஆடாம கிடக்கும். நாம பாட்டுப் போட்டு ஆடிக்கிட்டே வேற போறோம்!

இப்ப நான் எம்.எஸ்சி. படிக்கிறேன், ஹாஸ்டல்ல. அம்மா தோடு திரும்பி வந்துடுச்சு. போன தடவை லீவுக்கு ஊருக்கு வந்தப்ப, பஸ் ஸ்டாண்டுக்கு அப்பா முட்டை லோடோட வந்து நின்னார். பையோட ஏறப் போனேன். கதவுல கையை வெச்சு நிறுத்திட்டார்.

"எத்தனை கிலோ இருக்கற இப்ப?"

"அம்பத்தி நாலுங்ப்பா. ஏன்?"

"பையி?"

"ஒரு பத்து இருக்கும்."

மேல இருந்த சீட்டுக் கட்டை எடுத்துப் பார்த்தார். உதட்டுக்குள்ளயே ஏதோ கூட்டினார். அப்புறம் கதவைத் திறந்து விட்டார்.

"ஏறு. போலாம்."